கோமதிநாயகம் அண்ணாச்சியின் எண்ணெயில்லாக் கோழி

செய்தி வந்தபோது நான் ஜங்ஷன் ரயில் நிலையத்து எடை எந்திரத்தின் மேல் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தேன். செருப்பு மட்டுமா? கைக்கடிகாரம், பெல்ட், சாவிக்கொத்து எல்லாவற்றையும் கழற்றி என் மகள் பிரேமாவின் கையில் கொடுத்திருந்தேன். போன தடவை எந்திரம் காட்டிய எடை அநியாயம் என்பது என் கட்சி. பெல்ட் இல்லாத பேண்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் காசைப் போட்டு, மூச்சையும் உள்ளே இழுத்து நின்றேன். "மூச்சுக்கும் எடை உண்டாப்பா?" என்று பிரேமா கேட்க, வண்டிக்கு நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவே, வெளியே எஸ்.டி.டி. பூத்தில் பேசிவிட்டு நம் லாரி ஷெட்டு தங்கராஜ் வந்தான். அவன் சிரிக்கவில்லை. "அண்ணாச்சி போயிட்டாவ வே" என்றான். எந்திரம் எடை அட்டையைத் துப்பியது. அதை எடுக்கவும் தோன்றாமல் இறங்கினேன்.

மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்த கோமதிநாயகம் அண்ணாச்சியைப் பார்க்கத்தான் நாங்கள் மூவரும் வண்டிக்கு நின்றோம். சாகக் கிடக்கும் மனுஷனைப் பார்க்கப் போகிற வழியில் எவனாவது எடை பார்ப்பானா என்று கேட்பீர்கள். நான் பார்த்தேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

அண்ணாச்சியை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பேட்டை லாரி ஷெட்டில் அவருடைய பார்சல் பதிவு மேசையைச் சுவரை விட்டுத் தள்ளிப் போட்டதே அவர் வயிற்றுக்காகத்தான். ஆனால் அவருடைய ஞாயிற்றுக்கிழமைகளை நீங்கள் அறியமாட்டீர்கள். அவை கொக்கிரகுளத்தில் என் வீட்டுப் புறவாசலில் கழிந்தன. பத்தாம் வகுப்போடு நின்ற எனக்குச் சரக்கு விவரம் எழுதத்தான் கை பழகியிருக்கிறது. அண்ணாச்சியின் நினைவு மலருக்கு எழுதச் சொல்லி மலர்க் குழுவார் விடவில்லை, எழுதுகிறேன்.

ஒருநாள் மேசையை விட்டு எழுந்தவர், கண்ணைக் கட்டிக்கொண்டு வருகிறது என்று என் தோளைப் பிடித்தார். வண்ணார்பேட்டையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். சர்க்கரையும் இருந்தது, ரத்தக் கொதிப்பும் இருந்தது. எடையைக் குறைத்தே ஆகவேண்டும் என்ற டாக்டர், துணைக்குப் போன என்னையும் மேலும் கீழும் பார்த்து, "நீங்களும் ஏறுங்க" என்று எடைப் பலகையைக் காட்டினார். துணைக்குப் போனவன் நோயாளியாகத் திரும்பினேன். இரண்டு பேருக்கும் ஒரே சாப்பாடு. சோறு பாதி, உப்பு குறைவு, எண்ணெய் பேருக்கு, தேங்காய் கூடவே கூடாது. கறி ஆசை வந்தால் தொலி உரித்த கோழியின் நெஞ்சுக்கறி. தேங்காய் இல்லாமல் திருநெல்வேலியில் என்ன குழம்பு வைப்பது? வெளியே வந்ததும் அண்ணாச்சி சொன்னார்: "தொலியையும் உரிச்சு எண்ணெயையும் எடுத்துட்டா மிச்சம் இருக்கது கோழி இல்ல வே. கோழியோட நெனப்பு."

அவருடைய வீடு சைவம். முட்டை ஓடுகூட அந்த வாசற்படி தாண்டியதில்லை. இளவட்டத்தில் லாரியோடு ஊர் ஊராகப் போனபோது பழகிய கறி அவருக்கு வெளி விவகாரம். அவர் சம்சாரம், எங்கள் மதினிக்கு அது தெரியும். அவர்கள் போட்ட கட்டளை ஒன்றுதான்: "திங்கதை எங்கன வேணாலும் தின்னுங்க. ஆத்துல முங்கிட்டு வீட்டுக்குள்ள வாங்க." ஆகவே ஞாயிறு காலையில் என் வீட்டுக்கு வருவார். வேட்டியை மடித்துக் கொடியில் போட்டுவிட்டு, அதற்கென்றே எங்கள் வீட்டில் வைத்திருந்த பச்சைக் கட்டம் போட்ட சாரத்தைக் கட்டிக்கொள்வார். சமைத்து, சாப்பிட்டு, ஆற்றில் குளித்து, திருநீறு பூசி, சைவப் பிள்ளையாக வீடு திரும்புவார்.

முதல் ஞாயிறு படுதோல்வி. மேலப்பாளையத்துக் கடையில் பாய், "நெஞ்சுக்கறி மட்டுமா? சீக்காளி கேக்கத கேக்கியளே அண்ணாச்சி, காலு தாரேன் கொண்டு போங்க" என்று கேலி பேசித்தான் அறுத்துக் கொடுத்தார். மஞ்சள் போட்டு வேக வைத்தோம். வாயில் போட்டால் ஷெட்டில் கிழிந்து கிடக்கும் சணல் சாக்கு தோற்றது. என் பெண்டாட்டி ராசம்மா ஒரு துண்டைக் கடித்துவிட்டு, "இதத் தின்னா எளைக்கது நிச்சயம். ஒரு வாய்க்கு மேல எவன் திம்பான்?" என்றாள்.

அடுத்த வாரம் அண்ணாச்சி யோசனையோடு வந்தார். வாரம் முழுக்கப் பதிவு மேசையில் அதைத்தான் யோசித்திருக்கிறார், அந்த வாரம் தூத்துக்குடிச் சரக்கு தென்காசிக்குப் போனதற்கும் அதுவே காரணம். கறியைக் கனமாக விடாமல், நாருக்குக் குறுக்கே மெல்லிசாக வெட்டினார். புளித்த தயிரில் இஞ்சியும் பூண்டும் நசுக்கிப் போட்டு ஊறவைத்தார். மல்லி, மிளகு, சீரகம், மிளகாய் வற்றல் எல்லாவற்றையும் எண்ணெயில்லாமல் வறுத்து அம்மியில் பொடித்தார். சின்ன உள்ளியைத் தோலோடு தணலில் சுட்டு, உரித்து நசுக்கினார். தோசைக் கல்லில் எண்ணெயைத் துணியால் தொட்டுத் துடைத்ததோடு சரி. கறி நிறம் மாறி, குத்திப் பார்த்தால் உள்ளே சிவப்பு இல்லை என்றதும் கல்லை இறக்கி மூடிவிட்டார். "காலுக்கறி பொறுத்துக்கிடும். நெஞ்சுக்கறி பொறுக்காது. வெந்த பிறவும் அடுப்புல வச்சிருக்கவன் சமையக்காரன் இல்ல, பகையாளி" என்றார். கடைசியில் எலுமிச்சம்பழம் பிழிந்து, கறிவேப்பிலையைக் கையால் கசக்கிப் போட்டார். உப்பு குறைந்த இடத்தைப் புளிப்பு நிரப்பிவிடும் என்பது அவர் கணக்கு. அன்று ராசம்மா இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாள். அவளுக்கு எந்த டாக்டரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

பிறகு வாழையிலை வந்தது. மசாலா பிரட்டிய கறியை வாட்டிய இலையில் வைத்து மடித்து, வாழை நாரால் கட்டுவார். பார்சல் ஆபீஸ்காரர் கட்டு அல்லவா, அவிழ்க்கவே தனித் திறமை வேண்டும். கல்லில் போட்டால் இலை கருகும், உள்ளே கறி தன் சாற்றிலேயே வேகும். "பெரியப்பா, விலாசம் எழுதலியா?" என்று பிரேமா கேட்பாள். "ஒங்கப்பன் வயிறுதான் விலாசம். தப்பிப் போவாது" என்பார்.

இதற்குள் அவர் இளைக்கத் தொடங்கியிருந்தார். ஷெட்டில் நீங்கள் எல்லோரும் எவ்வளவு மெச்சினீர்கள்! மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட்ட அன்று தங்கராஜ் எல்லோருக்கும் டீ வாங்கித் தந்தான். என்னைக் காட்டி, "இவனும் அதத்தான திங்கான், எங்க போவுது?" என்று சிரித்தீர்கள். நானும்தான் சிரித்தேன். அண்ணாச்சியின் கடிகாரம் மணிக்கட்டை விட்டு இறங்கி முழங்கை வரை போய்வந்தது. சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக நின்றது. டெய்லர் ஒரு தடவை பிடித்துத் தைத்த ஷெட்டுப் பேண்ட்டை மறுபடியும் பிடித்தான்.

சமையலும் மாறியது. "ருசி போதல வே" என்று ஒரு ஞாயிறு சொன்னார். எங்களுக்கு நன்றாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் மிளகை இரண்டு மடங்காக்கினார். அப்போதும் போதவில்லை. அதற்கடுத்து புளியைக் கரைத்து ஊற்றினார். பிறகு எங்கிருந்தோ காந்தாரி மிளகாய் வாங்கி வந்து நசுக்கிப் போட்டார். பிரேமா கண்ணில் நீர் வழியத் தண்ணீர்ச் செம்பைத் தேடி ஓடினாள். எனக்குக் காது அடைத்தது. அண்ணாச்சி அதே துண்டை நிதானமாக மென்றுகொண்டு, எதையோ தேடுகிறவர் போல வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒரு வியர்வைத் துளி இல்லை. "இன்னும் என்னமோ ஒண்ணு கொறையுது" என்றார். உணவில் குறையில்லை என்று எனக்கு அன்றே தோன்றியது. பிறகு எதில் குறை என்று யோசிக்கப் பயமாக இருந்தது.

அன்று ஆற்றுக்கு நானும் கூடப் போனேன். தண்ணீர் குறைவாக, தெளிவாக ஓடியது. சட்டையைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டு அவர் இறங்கினார். முதுகெலும்பு மேலிருந்து கீழ்வரை முடிச்சு முடிச்சாகத் தெரிந்தது. முங்கி எழுந்தபோது அரைஞாண் கயிறு இடுப்பில் நிற்காமல் தொடைக்கு நழுவியது. அவர் அதைப் பிடித்து மேலே இழுத்துவிட்டு, நான் பார்த்துவிட்டேனா என்று திரும்பிப் பார்த்தார். சிரிப்புக் காட்டத்தான் வாயைத் திறந்தேன். "ஒரே சட்டி, ஒரே கறி. எனக்கு ஒரு கிராம் கொறையல. நீங்க மட்டும் எங்க அண்ணாச்சி எறக்கி வைக்கிய?" அவர் சிரிக்கவில்லை. கரைக்கு வந்து தலை துவட்டினார். வேறு டாக்டரிடம் போவோம் என்று நான் தொடங்கியதும், "எளைக்கச் சொன்னாவ, எளைச்சேன். இனி எளைச்சதுக்கு ஒரு வைத்தியமா? போலே" என்றார். என்னை அவர் 'வே'யை விட்டு 'லே' போட்டுப் பேசியது அன்றுதான்.

விடாமல் பிடித்தேன். மறுநாளும் கேட்டேன், அதற்கு மறுநாளும் கேட்டேன். அந்த வாரம் மேலப்பாளையத்துக் கடையில் பாய் கேலி பேசவில்லை. கறியைக் கட்டிக் கையில் கொடுத்தவர், அண்ணாச்சி நாலடி தள்ளிப் போனதும் என் கையைப் பிடித்து, "எங்க வாப்பாவும் இப்படித்தான் எளைச்சாவ. எல்லாரும் நல்லாருக்குன்னு சொன்னாவ" என்றார். சைக்கிளை உருட்டிக்கொண்டு பாலம் வரை வந்தோம். பாலத்தில் வைத்து அண்ணாச்சியே, "திங்கக்கெழம போவோம். இந்த ஞாயித்துக்கெழமைய எனக்கு வுட்டுரு" என்றார். நான் சரி என்றேன்.

அந்த ஞாயிறு அவர் யாரையும் அடுப்பங்கரைக்குள் விடவில்லை. தயிர், இஞ்சி, சுட்ட உள்ளி, இலை, நார் என்று பழைய பக்குவத்தையே அப்படியே செய்தார். காந்தாரி இல்லை, புளி இல்லை. நார் முடிச்சை இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினார். பிரேமாவைக் கூப்பிட்டு, ஒரு துண்டை ஊதிக் கொடுத்து, "உப்பு பாரு" என்றார். "சரியா இருக்கு பெரியப்பா." "புளிப்பு?" "இருக்கு." "மிளகு முன்னால வருதா, பின்னால வருதா?" "பின்னால." அவள் சொல்லச் சொல்ல, பாடம் கேட்கிற பிள்ளையைப் போலத் தலையாட்டினார். எங்கள் எல்லோருக்கும் அவரே பரிமாறினார். தனக்கும் ஒரு பொட்டலம் வைத்து அவிழ்த்தார். ஆவி எழுந்தது. நாங்கள் தின்று முடிக்கும்வரை அதை விரலால் பிய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் இலைக்கு நகர்த்தினார். அந்தக் கோழிக்கு இணையாக இன்றுவரை நான் தின்றதில்லை.

திங்கட்கிழமை டாக்டரிடம் போனோம். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். வயிற்றில் கட்டி என்றார்கள், மதுரைக்கு அனுப்பினார்கள். திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாமல் மூடினார்கள். இளைக்கச் சொன்ன நாளிலேயே அது உள்ளே இருந்ததா, பிறகு வந்ததா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இப்போதும் நான் அடிக்கடி எடை பார்க்கிறேன். குறையாமல் இருந்தால் வருத்தம், கொஞ்சம் குறைந்துவிட்டாலோ அன்றைக்குத் தூக்கம் இல்லை.

பதினாறு கழிந்து, அவருடைய சாரத்தைத் துவைத்து மடித்துப் பையில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். மதினி பையைத் தொடவில்லை. "அது கறி திங்கச்சில கட்டுதது. இந்த வீட்டுக்குள்ள அவிய அத ஒரு நாளும் கொண்டுவரல. நான் மட்டும் எடுத்து வைக்கலாமா? ஒங்க வீட்டுலயே இருக்கட்டும்" என்றார்கள். ஆகவே அவருடையதாக என்னிடம் இருப்பது அந்தச் சாரமும், வெந்த உடனே இறக்கிவிட வேண்டும் என்ற புத்தியும்தான். ஞாயிறுதோறும் சாரத்தைக் கட்டிக்கொண்டுதான் கறியை இலையில் மடிக்கிறேன். முடிச்சு மட்டும் அவர் போட்டது மாதிரி விழுவதில்லை.

மலரில் ஒரு பிரதி அந்த வீட்டுக்குப் போகுமென்றால், இதற்குப் பிறகு உள்ளதை வெட்டிவிட்டுக் கொடுங்கள்.

நான் எழுந்தபோது மதினி வாசல் வரை வந்தார்கள். "இங்கன ஒரு மாசமா மோரு கூட எறங்கல. ஒரு வாய் வச்சிட்டு எந்திரிச்சிருவாவ. ஞாயித்துக்கெழமை ஒங்க வீட்டுல வயிறு நெறையத் திங்காவளேன்னுதான் மனசத் தேத்திக்கிட்டேன். கடைசியா வந்த அன்னைக்கும் நல்லாச் சாப்பிட்டாவள்லா?" என்று கேட்டார்கள். முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டே, "நல்லாச் சாப்பிட்டாவ மதினி" என்றேன். அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அது போதும்" என்றார்கள்.

மதினி, அன்றைக்கு அவர் சமைத்ததோடு சரி. அவர் பங்கையும் சேர்த்து நான்தான் தின்றேன்.