உன்னிச்சைப் பிளேட்டும் நீல மூடிக் குப்பியும்

1. எல்லாம் மஞ்சள்

எங்கள் லேபில் இரத்தச் சாம்பிள் போட்ட குழிப் பிளேட் முழுவதும் மஞ்சளாகிவிட்டது. எலைசா பரிசோதனையில் மஞ்சள் என்றால், அந்த இரத்தத்தில் நாங்கள் தேடும் வைரஸுக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய அன்டிபொடி இருக்கிறது என்று கொள்வோம். அதாவது, அந்த ஆளை அந்த வைரஸ் எப்போதோ தொட்டிருக்கிறது.

நாவற்குடாவில் எடுத்த சாம்பிள்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் நிறம் வந்தது. உன்னிச்சைப் பக்கம் எருமைப் பட்டி வைத்திருப்பவர்களின் சாம்பிள்களில் ஒன்றுகூடத் தப்பவில்லை. வயதானவர்கள், பெண்கள், நாலு வயதுப் பிள்ளை எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே மஞ்சள். இவ்வளவு ஒழுங்காக ஒரு முடிவு வந்தால் எனக்கு நித்திரை வராது.

ஆராய்ச்சியை நடத்திய டொக்டர், நிறத்தை அளக்கும் ரீடரில் வந்த எண்களைப் பார்த்தார்.

"மிஸ், அங்க ஒருத்தருக்கும் தெரியாமப் பரவியிருக்கு."

"காய்ச்சலெண்டு ஒருத்தரும் ஆஸ்பத்திரிக்கு வரல்லையே, டொக்டர்?"

"மறைச்சிருப்பாங்க."

மறைக்கக் காரணமும் இருந்தது. அது கால்நடையிலிருந்து மனிதருக்கும் தொற்றக்கூடிய வைரஸ். பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் இன்றைக்கும் அந்தப் பக்கத்துத் தயிர் விற்காது. டொக்டரின் ரிப்போட் மேலிடத்துக்குப் போயிருந்தால் அன்றைக்கு நிலைமை அதைவிட மோசமாகியிருக்கும். அனுப்புவதற்கு முன் ஒருமுறை நேரில் விசாரித்து வருகிறேன் என்று கேட்டு ஜீப்பில் புறப்பட்டேன்.

2. பட்டியடியில்

பட்டிக்காரர் தம்பிப்பிள்ளை அண்ணன் என்னைக் கண்டதும் எழும்பவில்லை. பக்கத்தில் தயிர் உறைந்த மண் முட்டிகள் அடுக்கியபடி கிடந்தன.

"திரும்பவும் ஜீப்பா? போன கிழமை ரத்தம். இந்தக் கிழமை என்ன மிஸ், சதையா?"

"ரெண்டு கேள்வி கேட்டுப் போகத்தான் வந்தனான், அண்ணன். உங்கட ஆக்களில ஆருக்காவது காய்ச்சல், மூட்டு நோவு வந்ததா?"

"ஒண்டும் இல்ல."

"பழைய காய்ச்சலாவது?"

"ஒண்டும் இல்ல எண்டு சொல்றன்தானே."

யோசிக்காமல் வந்த பதில். நான் நம்பவில்லை. நான் நம்பவில்லை என்பது அவருக்கும் விளங்கிவிட்டது.

"நீங்க வந்து ரத்தம் எடுத்த நாள்ல இருந்து தயிர் ஏத்த வாற ஓட்டமாவடி நானா பாதி முட்டிதான் எடுக்கிறார். இண்டைக்குத் திரும்ப வந்திட்டீங்க. இனி அதுவும் இல்ல. சரி, இப்ப நான் ஒண்டு கேக்கிறன். எங்கட ரத்தத்த என்னத்தோட சேர்த்துப் பாக்கிறீங்க?"

"செத்த வைரஸ் உள்ள ஒரு சாறு, அண்ணன். அதால ஒருத்தருக்கும் நோய் வராது."

"நோயக் கேக்கல்ல மிஸ். பால்காரனிட்ட ஊரே கேக்கிற கேள்வியத்தான் கேக்கிறன். உள்ள என்ன கலந்திருக்கு?"

வைரஸ் மட்டும்தான் என்று சொல்ல வாய் திறந்தேன். ஆனால் அது உண்மையில்லை.

3. நீல மூடி

இப்போது இந்த வேலைக்கு வருபவர்களுக்காக இதை விளக்கமாக எழுதுகிறேன். வைரஸ் தனியாக வளராது. அதற்கு உயிருள்ள செல் வேண்டும். அந்தச் செல்லை வளர்க்கப் பசுக் கன்றின் இரத்தத்திலிருந்து பிரித்த சீரம் ஊற்றுவார்கள். வைரஸ் வளர்ந்த பிறகு அதைச் செயலிழக்கச் செய்து, செல்லை உடைத்து எடுப்பதுதான் பிளேட்டில் போட எங்களுக்கு வரும் அன்டிஜன். எவ்வளவு சுத்தம் செய்தாலும் செல்லின் துணுக்கும் கன்றின் மிச்சமும் கொஞ்சம் இருக்கும். அதனால்தான் அனுப்புபவர்கள் சோடியாக அனுப்புகிறார்கள். சிவப்பு மூடியில் வைரஸ் அன்டிஜன். நீல மூடியில் கன்ட்ரோல் அன்டிஜன், அதாவது அதே செல், அதே சீரம், அதே முறை, வைரஸ் மட்டும் இல்லை. ஒவ்வொரு சாம்பிளையும் இரண்டிலும் போட்டு, சிவப்பில் வந்த எண்ணிலிருந்து நீலத்தில் வந்த எண்ணைக் கழிக்க வேண்டும்.

அந்தத் தடவை பிளேட் போதவில்லை. இரண்டிலும் போட்டால் பாதிச் சாம்பிள்தான் முடியும். ஆகவே சிவப்பு மட்டும் போட்டோம். நாவற்குடாச் சாம்பிள்கள் பிரச்சினை தராததால் ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நீலக் குப்பி திறக்காமலே பிரீசரில் கிடந்தது.

ஜீப்பிலிருந்தே டொக்டருக்குப் போன் எடுத்துத் தம்பிப்பிள்ளை அண்ணனின் கேள்வியைச் சொன்னேன்.

"வந்தவுடன நீலத்த எடுத்து உருக வைங்க மிஸ். நானும் வாறன்."

"ரிப்போட்?"

"அது எங்கயும் போகாது."

வைரஸே இல்லாத நீலத்திலும் அதே மஞ்சள் வந்தது. எனக்கு அதிலும் சந்தேகம். புதிதாகக் கரைத்து மறுபடி போட்டேன். அப்போதும் அப்படித்தான்.

"எருமையோட பிறந்து வளர்ந்த ஆக்கள்," என்றார் டொக்டர். "பச்சைப் பால், கன்று போடேக்க கையெல்லாம் ரத்தம். எருமையும் பசுவும் கிட்டத்துச் சாதி, அதுக்கெல்லாம் இவங்கட உடம்பில அன்டிபொடி இருக்கும். இந்த நிறம் கன்றுக்கு வந்த நிறம் மிஸ், வைரஸுக்கு இல்ல." அது அவருடைய ஊகம். ஊகம் என்றே ரிப்போட்டிலும் எழுதினார்.

நீலத்தைக் கழித்தபோது எல்லா எண்களும் விழுந்தன. ஒன்றைத் தவிர. அது தம்பிப்பிள்ளை அண்ணனுடையது.

மறுபடி போனபோது ஓட்டமாவடி நானாவும் லொறியோடு அங்கே நின்றார். நான் அண்ணனை மட்டும் தனியாக அழைத்துச் சென்றேன்.

"மற்ற ஆக்களுக்கு ஒண்டும் இல்ல. உங்களுக்கு எப்பவோ வந்து போயிருக்கு. உண்மையச் சொல்லுங்க."

அவர் நிலத்தைப் பார்த்தார். "முந்தி ஒருக்கா, நாலைஞ்சு நாள் படுத்தன்தான். அதெல்லாம் ஒரு காய்ச்சலா மிஸ்?"

"அது எப்பவோ மாறிச் சுகமாகிட்டு. ஆருக்கும் உங்களால ஒண்டும் வராது."

அவர் போய் ஒரு முட்டித் தயிரும் கரண்டியும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நானாவும் கிட்ட வந்து நின்றார். இரண்டு பேரும் என் கையையே பார்த்தார்கள்.

"காய்ச்சின பாலா, அண்ணன்?"

"காய்ச்சின பால்தான். என்ன மிஸ், உங்களுக்கு எல்லாத்திலயும் சந்தேகம்!"

"மிஸ் தின்னட்டும்," என்றார் நானா. "பொறகு நான் ஏத்துறன்."

தின்றேன். நானா இன்னும் நின்றார். இரண்டாம் கரண்டியும் தின்றேன். அதன் பிறகுதான் அவர் லொறியின் பின்பலகையை இறக்கினார்.

இப்போதும் எங்கள் லேபில் பிளேட் போதாமல் வருவதுண்டு. அப்போது சாம்பிள்களைக் குறைக்கிறோம். நீலத்தைக் குறைப்பதில்லை.