ரேடியோ அக்கா சொல்லாத ஒரு சொல்

கணவனுக்கு மாற்றலாகித் தங்கை வேறு ஊருக்குக் கிளம்பிய திங்கட்கிழமை, ரயில் நகரத் தொடங்கியதும் ஜன்னல் வழியாக ஏதோ கத்திச் சொன்னாள். காற்றில் பறந்த முடி அவள் வாயை மறைத்தது. நடைமேடையில் நின்ற ரேடியோ அக்காவுக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை. ஆனாலும் எல்லாம் விளங்கியவள்போல் பலமாகத் தலையாட்டினாள். அது அவளுக்குக் கைவந்த கலை.

ரேடியோ என்பது பேக்கரியில் வைத்த பெயர். கவுண்டரில் நின்றால் வாய் ஓயாது. மழை, ரொட்டி விலை, வந்தவரின் புதுச் செருப்பு என்று எதைப் பற்றியும் பேசுவாள். மற்றவர் வாய் திறக்க இடமே கிடைக்காது. பிறவிச் சுபாவம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். தான் பேசிக்கொண்டே இருந்தால் பிறர் பேசுவதைக் கேட்க வேண்டியதில்லை என்பது அவளுக்கும் தங்கைக்கும் மட்டுமே தெரியும்.

முப்பது வயதில் மங்கத் தொடங்கிய காது ஐம்பதுக்குள் அநேகமாகத் தீர்ந்துபோயிருந்தது. முடிக்குள் ஒளித்து வைத்த காது மெஷின் சத்தத்தைப் பெரிதாக்கியதே தவிர, பேச்சைத் தெளிவாக்கவில்லை. மிச்சத்தைத் தங்கை பார்த்துக்கொண்டாள். பக்கத்தில் பில் போட்டபடியே, வந்தவர் கேட்டதைச் சத்தமில்லாமல் வாயசைத்துக் காட்டுவாள்.

தங்கை ஊருக்குப் போன அந்த வாரமே குட்டு வெளிப்பட்டது. முட்டை இல்லாத கேக் கேட்டவருக்கு முட்டை கேக்கைக் கட்டிக் கொடுத்தாள் ரேடியோ அக்கா. அவர் கடை அதிரக் கத்திவிட்டுப் போனார். முதலாளி வந்து எதிரே நின்றார்.

"மாவு பிசையிற பக்கம் போயிடுங்க அக்கா. அங்க யாரும் உங்களை எதுவும் கேக்க மாட்டாங்க."

"உள்ள தூக்கிப் போட நான் என்ன காலி டின்னா? இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்."

"அப்போ காதுக்கு ஒரு வழி பண்ணுங்க. அதுவரைக்கும் பொறுத்துக்கறேன்."

உள்காதில் மெல்லிய கம்பியைப் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் அவளுக்கு ஒத்துவருமா என்று மருத்துவமனையில் பார்த்தார்கள். ஸ்கேனில் நரம்பு நன்றாகவே இருந்தது. அடுத்து பேச்சுச் சோதனை. தங்கை விட்டுப்போன பச்சை ஸ்வெட்டரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சத்தம் புகாத சின்ன அறையில் உட்கார்ந்தாள். மெஷினை மாட்டியபடி, ஸ்பீக்கரில் வரும் வாக்கியங்களைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

மழை என்பதுபோல் ஒன்று காதில் பட்டால் குடையைச் சேர்த்து ஒரு வாக்கியம் சொன்னாள். கதவு என்பதுபோல் பட்டால் சாவியைச் சேர்த்தாள். ஒரு வாக்கியத்தைக்கூட அநாதையாக விடவில்லை.

காதைச் சோதித்த ஆடியாலஜிஸ்ட் ஒரு இளம்பெண். ரேடியோ அக்கா தன் உதட்டைப் படிக்க வசதியாக எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"பாதிக்கு மேல சரியாச் சொல்லிட்டீங்க. இந்த மார்க்குக்கு ஆபரேஷன் கிடைக்காதும்மா. மெஷினே போதும்னு வருது."

ரேடியோ அக்காவின் கண்முன் மாவு மூட்டைகள் வரிசையாக வந்து நின்றன.

"ஆனா சில வாக்கியம் எங்க டேப்பிலேயே இல்லை. நீங்களா எழுதிச் சேர்த்திருக்கீங்க," என்றாள் அந்தப் பெண். "உண்மையைச் சொல்லுங்க. முழுசாக் கேட்டது எத்தனை?"

வாழ்க்கையில் முதல் தடவையாக ரேடியோ சத்தத்தைக் குறைத்தது.

"ஒண்ணுகூட இல்ல."

"பின்ன ஏன் சொன்னீங்க?"

"சும்மா இருந்தா செவிடுன்னு நினைச்சுக்குவீங்களே!"

"அம்மா, அதைக் கண்டுபிடிக்கத்தானே சம்பளம் வாங்கறேன்!"

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

மறுநாள் தனித்தனிச் சொற்களைப் போட்டார்கள். முன்னும் பின்னும் துணையில்லாத சொல்லை ஊகிக்க முடியாது. காதில் விழாவிட்டால் 'கேக்கலை' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். காதுக்குப் பின்னால் கத்தி வைப்பார்கள் என்றபோது பயப்படாதவள் அந்த ஒரு சொல்லுக்குப் பயந்தாள்.

"கே... கேக்கலை."

கூரை இடிந்து விழவில்லை. அடுத்ததற்கும் சொன்னாள். பிறகு வீம்பே வந்துவிட்டது. "கேக்கலை! இதுவும் கேக்கலை! போடுங்க அடுத்ததை!" அறையின் கண்ணாடிக்கு அப்பால் அந்தப் பெண் தன் காதைப் பொத்திக்கொண்டாள்.

இம்முறை ஆபரேஷனுக்குத் தகுதி கிடைத்தது. "இப்போ கேக்கிற கொஞ்சநஞ்சமும் போயிடலாம். உடனே எல்லாம் கேட்டுடாது, மாசக்கணக்காப் பழகணும்," என்றார் டாக்டர். "வீட்டுல பேசிப் பழக யார் இருக்கா?"

"வீட்டுல யாருமில்ல. கடைக்கு வர்றவங்க இருக்காங்க. இத்தனை வருஷம் நான் பேசினேன், இனி அவங்க பேசட்டும்."

அன்றே கேக் பெட்டி அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி கவுண்டரில் மாட்டினாள்: 'எனக்குக் காது கேட்காது. முகத்தைப் பார்த்துப் பேசுங்கள்.'

"என்ன அக்கா இது? கடை மானம் போகுது!" என்றார் முதலாளி.

"போனது என் காது. உங்க மானம் எங்க போகுது?"

அட்டை இறங்கவில்லை. அதன்பிறகு எந்தக் கேக்கும் ஆள் மாறிப் போகவில்லை.

அறுவைக்குப் பின் கருவியை முடுக்கிய நாளில், மனிதக் குரலெல்லாம் தகர டப்பாவில் உருளும் கூழாங்கல்லாக இருந்தது. "இதுக்கா தலையைக் கிழிச்சீங்க?" என்று ஆடியாலஜிஸ்டிடம் சண்டை போட்டாள். ஆனால் கருவியைக் கழற்றவில்லை. இப்போது அதை ஒளித்து வைக்காமல், முடியைத் தூக்கிக் கட்டினாள். புரியாதபோதெல்லாம், "கேக்கலை, திருப்பிச் சொல்லுங்க," என்று வரிசையில் நின்றவர்களை வேலை வாங்கினாள். கூழாங்கற்கள் மெல்ல மெல்லச் சொற்களாயின.

அடுத்த குளிர்காலத்தில், கவுண்டரில் நிமிர்ந்து நிற்கும் படம் ஒன்றைத் தங்கைக்கு அனுப்பினாள். எப்போதும் எழுதியே பதில் போடும் தங்கையிடமிருந்து முதன்முறையாகக் குரலில் ஒரு செய்தி வந்தது. இரண்டு தடவை போட்டும் பாதிதான் பிடிபட்டது. மீதியை ஊகிக்க மறுத்து, மூன்றாம் தடவையும் போட்டாள்.

"அக்கா, அன்னிக்கு ரயில் கிளம்பும்போது என்ன சொன்னேன் தெரியுமா? என் பச்சை ஸ்வெட்டரை மறந்துட்டேன், அதைத் தொடாதே, பார்சல்ல அனுப்புன்னு சொன்னேன். நீயும் பெரிசாத் தலையாட்டினே. போட்டோவுல பாத்தா அதையேதான் மாட்டிட்டு நிக்கிறே! இனிமே உனக்கு எழுதியெல்லாம் அனுப்ப மாட்டேன். கேட்டுச்சா? கழட்டு முதல்ல!"