பிரேக் மாஸ்டரின் குட்டி வண்டி

என் அக்காவின் கணவருக்கு ஊரார் வைத்த பெயர் பிரேக் மாஸ்டர். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். பயிற்சிக் காரில் மாஸ்டர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதன் மேல் வைத்த வலது காலால்தான் அந்தக் குடும்பமே வயிறு வளர்க்கிறது.

வேலை முடிந்தாலும் அந்தக் கால் ஓயாது. டிவியில் கார் துரத்தல் வந்தால் சோபாவில் உட்கார்ந்தபடி தரையை அமுக்குவார். முடிவெட்டுபவர் கத்தியைக் காதருகே கொண்டுவந்தால் அமுக்குவார். அக்கா சுடுதண்ணீர்ப் பாத்திரத்தோடு சட்டென்று திரும்பினாலும் அமுக்குவார். அமுக்குவது அவருக்கே தெரியாது. ஹாலில் அவர் உட்காருமிடத்தில் மட்டும் தரை ஓடு மூன்று முறை உடைந்திருக்கிறது.

மாமாவுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறை. "இத்தனை வருஷமா அடுத்தவன் ஓட்ட, நான் பக்கத்துல உக்காந்தே வந்திருக்கேன் மாப்ள. நான் மட்டும் ஓட்டுற மாதிரி ஒண்ணே ஒண்ணு வேணும்" என்பார். எனக்குப் பாவமாக இருக்கும். அப்படிப் பாவம் பார்த்ததுதான் என் தப்பு.

ஒரு நாள் அவர் ஒரு பழைய பிட் பைக்கை உருட்டிக்கொண்டு வந்தார். மண் மேடுகளில் தாவித் திரிவதற்கென்றே செய்த குட்டி மோட்டார் சைக்கிள் அது. விளக்கு கிடையாது, ரோட்டில் ஓட்ட அனுமதியும் கிடையாது. உட்காரும் இடம் என் இடுப்புக்குக்கூட வராது. மாமாவுக்கோ வாசலில் நின்றால் வீட்டுக்குள் வெளிச்சம் வராத உடம்பு. அவர் ஏறி உட்கார்ந்ததும் வண்டி காணாமல் போய்விட்டது. மாமா மட்டும் தரைக்குச் சற்று மேலே மிதந்துகொண்டிருந்தார்.

இன்ஜின் உயிரை விட்டு நாளாகியிருந்தது. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் இரண்டிலும் எண்ணெய் ஒழுகியது. இந்த ஒழுகலை எங்கே வைப்பது? சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கும் இடத்தில் வைத்தார். அங்கிருந்த வாஷிங் மெஷின் ஹாலுக்கு வந்தது. ஹாலில் குழாய் இல்லாததால் அதன் தலையில் டிவி ஏறியது. அக்கா குளியலறையில் கையால் துவைத்தாள். ஒவ்வொரு துணிக்கும் விழுந்த அடி உண்மையில் யாருக்கானது என்று தெருவுக்கே தெரியும்.

நான் வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவன். "அதுவும் சுத்துது, இதுவும் சுத்துது. வா மாப்ள" என்று என்னை இழுத்துப்போட்டார்.

பழைய இன்ஜின் இறங்கியது. நேராக என் கால் கட்டைவிரலில் இறங்கியது. பழசைவிடப் பெரிய புது இன்ஜினைத் தூக்கி வைத்தால் போல்ட் ஓட்டைகள் ஒன்றையொன்று பார்க்க மறுத்தன. அரத்தால் ராவி, தட்டி, கெஞ்சி மாட்டினோம். புது ஃபோர்க் உயர்ந்த ரகம். தலையில் திருகு வைத்தது. திருகினால் ஸ்பிரிங் இறுகும், தளர்த்தினால் இளகும். மாமா போகும்போதும் வரும்போதும் அதைத் திருகிக்கொண்டே இருந்தார். அது நாலு விரற்கடை நீளம் அதிகம் என்பதால் வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. சைடு ஸ்டாண்ட் தரைக்கு எட்டவில்லை. அக்காவின் காய் நறுக்கும் பலகையை அடியில் கொடுத்தோம்.

பலகையைத் தேடிக்கொண்டு வந்த அக்கா அதைப் பார்த்தாள். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை மைதானத்துல இருக்கிற பெரிய மண் மேட்டுல இது ஏறினா இங்கயே இருக்கட்டும். ஏறலைன்னா பழைய இரும்புக்காரரை வரச் சொல்லிடுறேன். என் மெஷின் அதோட எடத்துக்கு வந்தாகணும்."

மாமா சரி என்று தலையாட்டினார். முகத்தில் ஈயாடவில்லை.

தினமும் சாயங்காலம் மைதானத்துக்குப் போனோம். நிறுத்தி வைத்து முறுக்கினால் இன்ஜின் தெருவையே எழுப்பும். மாமா ஏறிப் போனால் பாதி மேட்டில் முனகிக்கொண்டு படுத்துவிடும். கார்பரேட்டரை மாற்றினோம், பிளக்கை மாற்றினோம், செயின் ஓடும் பின் ஸ்ப்ராக்கெட்டைப் பெரிதாக்கினோம். ஒன்றும் வேலைக்காகவில்லை.

"நீ மாட்டினதுதானே" என்று என் மேல் பாய்ந்தார்.

"நீங்க ஏறினாத்தான் மாமா படுத்துக்குது. ஒரு தடவை நான் ஓட்டிப் பாக்கட்டுமா?"

"யாரும் தொடக் கூடாது. இது நான் மட்டும் ஓட்டுறது."

அன்றிலிருந்து இரவுச் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவும் எங்களோடு மைதானத்துக்கு வந்தாள். எங்களுக்கு முன்னாலேயே பழைய இரும்புக்காரர் வந்து நின்றார். வண்டியை மேலும் கீழும் பார்த்தார். மாமா முதல் தடவை பாதி மேடு வரை போய் வழுக்கி இறங்கினார். இரண்டாம் தடவை பாதிகூடப் போகவில்லை. பின் சக்கரத்திலிருந்து புகை வந்தது. பழைய இரும்புக்காரர் கயிற்றை எடுத்து அவிழ்க்கத் தொடங்கினார். மாமா ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. உள்ளே அழுகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

அப்போது அக்கா மூக்கைச் சுருக்கினாள். வண்டிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தாள். பின் பிரேக் டிஸ்க் சூட்டில் நீலம் பாரித்திருந்தது. அந்தத் தீய்ந்த வாசனை அவளுக்குப் பழக்கமானது. மாமாவிடம் அவள் கார் கற்றுக்கொண்ட காலம் முழுக்க, அவள் ஆக்சிலேட்டரை மிதிக்க, இவர் பக்கத்திலிருந்து பிரேக்கை மிதிக்க, கார் அந்த வாசனையோடுதான் ஊர்ந்தது.

அவள் கயிற்றைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்காமல் இருந்தால் சாயங்காலமே மெஷின் ஓடும். திறக்காதே அக்கா என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். பிறகு அவள் அந்த ஹெல்மெட்டைப் பார்த்தாள்.

"வலது கால் ஷூவைக் கழட்டுங்க."

"எதுக்கு?"

"இன்ஜின் நல்லாத்தான் இழுக்குது. நீங்கதான் பிரேக்கை மிதிச்சுக்கிட்டே போறீங்க."

"நானா? நான் மிதிக்கவே இல்லையே!" என்றார். அந்நேரம் ஒரு நாய் குறுக்கே ஓடியது. மாமாவின் வலது கால் தரையை அமுக்கியது. மூன்று பேரும் அந்தக் காலையே பார்த்தோம். பழைய இரும்புக்காரரும் பார்த்தார்.

அந்த வண்டியில் பின் பிரேக் வலது காலுக்கு முன்னால்தான் இருக்கிறது. சேற்றில் வழுக்காமலிருக்க அதன் நுனியில் ரம்பம் போலப் பல் வைத்திருப்பார்கள். கால் வைக்கும் கட்டைக்கு மாமா ரப்பர் சுற்றியிருந்தார், பிரேக்குக்குச் சுற்றவில்லை. வெறுங்காலால் மிதித்தால் அந்தப் பல் குத்தும்.

டிஸ்க் ஆறியதும் மாமா ஒற்றைக் கால் ஷூவோடு கிளம்பினார். மேடு தொடங்கியதும் "ஐயோ!" என்றார். வண்டி ஒரு தாவு தாவியது. இன்னொரு "ஐயோ!" இன்னொரு தாவு. புது ஃபோர்க் பள்ளங்களை விழுங்கியது, இன்ஜின் உறுமியது, மாமா அலறினார். பாதி மேடு தாண்டியது. முக்கால் தாண்டியது. கடைசி "ஐயோ" உச்சியிலிருந்து கேட்டது.

"நானே ஓட்டினேன் மாப்ள! நானே ஓட்டினேன்!"

பழைய இரும்புக்காரர் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டுக் கை தட்டினார். நான் அழுததை இங்கே எழுதப் போவதில்லை. மெஷின் போச்சே அக்கா என்று சொல்லத் திரும்பினேன்.

அக்கா என் பக்கமே திரும்பவில்லை. மாமாவின் ஷூவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வலது கால் மண்ணுக்குள் குதிகால் வரை புதைந்திருந்தது.

"அதான் ஏறிட்டாரே, நீ எதுக்குக்கா அமுக்குற?"

"இனிமேதானேடா இறங்கணும்" என்றாள், காலை எடுக்காமல்.