கஜலட்சுமி மாற்றிச் சொன்ன படம்

கண்டியில் ஒரு நீதிமன்றத்தில் கஜலட்சுமி மொழிபெயர்ப்பாளராக இருக்கிறாள். சாட்சி தமிழில் சொன்னால் நீதவானுக்குச் சிங்களத்தில் சொல்ல வேண்டும், நீதவான் கேட்பதைச் சாட்சிக்குத் தமிழில் சொல்ல வேண்டும். பதினேழு வருடத்தில் அவள் ஒரு சொல்லைக் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. ஒருமுறை குடித்துவிட்டுக் கலாட்டா செய்த ஒருவன் கூண்டில் நின்றபடியே நீதவானைப் பார்த்துக் கெட்ட வார்த்தையில் ஏசினான். தமிழ் தெரிந்தவர்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கஜலட்சுமி நிமிர்ந்து நின்று அதே ஏச்சை அதே நாற்றத்தோடு சிங்களத்தில் சொன்னாள். உண்மையாகவே இப்படியா சொன்னான் என்று நீதவான் கேட்டார். இன்னும் ஒரு சொல் பாக்கி இருக்கிறது ஐயா, சொல்லட்டுமா என்றாள். வேண்டாம் என்றுவிட்டார்.

குண்டசாலையில் அவள் வீட்டிலும் இதே கதைதான். மாமியார் தொலைபேசியில் மகனைத் திட்டினால், திட்டு ஒரு எழுத்துக் குறையாமல் கணவர் மோகனராஜிடம் போய்ச் சேரும். கொஞ்சம் குறைத்துச் சொன்னால் என்ன என்று அந்த மனிதர் பல தடவை கெஞ்சியிருக்கிறார். தனக்கு அப்படிச் சொல்ல வராது என்பாள். அது உண்மை என்றுதான் அவளும் நம்பிக்கொண்டிருந்தாள்.

பல்கலைக்கழகத்தில் சினிமா படிப்பிக்கும் துஷானி அவளைத் தேடி வந்தது, சொல் பிசகாதவள் என்ற இந்தப் பெயரைக் கேட்டுத்தான். நூறு வருடத்துக்கு முந்திய பேசாப் படம் ஒன்று வெளிநாட்டில் கிடைத்துத் துப்புரவாக்கப்பட்டிருக்கிறது. இளவரசன் ஒருவன் மந்திரக் கல்லைத் தேடிப் பறக்கும் கப்பலில் போகும் மாயாஜாலக் கதை. அதில் வரும் மலைக் காட்சிகளை அந்த வெள்ளைக்காரக் கம்பனி கண்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் எடுத்ததாம். ஆகவே ஞாயிறு பின்னேரம் தோட்டத்துச் சனங்களை பஸ்ஸில் கூட்டி வந்து காட்டப்போகிறார்கள். படத்தின் நடுவே ஆங்கிலத்தில் எழுத்துகள் வரும். அவற்றை ஒலிவாங்கியில் தமிழில் வாசிக்க ஒருவர் வேண்டும்.

துஷானி கொடுத்த கடதாசியில் இருபத்தாறு வாசகங்கள் இருந்தன. கஜலட்சுமி படத்தைப் பார்க்கவில்லை. கடதாசியை மட்டும் வைத்துக்கொண்டு ஒரே இரவில் மொழிபெயர்த்தாள். இளவரசன், கல், கப்பல், பூதங்கள். பூதக் கதையில் பூதம் வராமல் யார் வருவார்கள்? அவள் எதையும் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் முன்வரிசையில் வேலாயி உட்கார்ந்திருந்தாள். ஐம்பது தாண்டிய, மெலிந்த பெண். அவளுடைய மகன் கணேஸ் தோட்டத்துக் கங்காணி ஒருவரை அடித்ததாக வழக்கு. முதலில் கையை ஓங்கியது யார் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் வேலாயி மட்டும்தான். செவ்வாய்க்கிழமை அவள் சாட்சி சொல்ல வேண்டும். அவளுக்குச் சிங்களம் தெரியாது. ஒரு சொல் பிசகினாலும் பையன் உள்ளே போய்விடுவான்.

"செவ்வாக்கெழம நீங்கதானே மிஸ் நிப்பீங்க?" என்று கேட்டாள். "அப்ப எனக்குப் பயமில்ல. நான் சொல்றத அப்புடியே அந்தப் பக்கம் சேத்துருவீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க."

கஜலட்சுமிக்கு உச்சி குளிர்ந்துபோனது. தலையை ஆட்டிவிட்டு ஒலிவாங்கியிடம் போனாள்.

படம் தொடங்கிய முதல் அரை மணி நேரம் மண்டபமே சிரித்தது. பறக்கும் கப்பலுக்குக் கட்டிய கம்பி பளிச்சென்று தெரிந்தது. கம்பி தெரியுது, கம்பி தெரியுது என்று பிள்ளைகள் கத்தினார்கள். பஞ்சு மேகம் ஒன்று கப்பலில் சிக்கிக்கொண்டு கூடவே வந்தது. ஆனால் அரக்கன் ஒருவன் மலை உயரத்துக்கு வளர்ந்து இளவரசனை உள்ளங்கையில் தூக்கியபோது அதே பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். கஜலட்சுமியும் தன்னை மறந்துதான் பார்த்தாள். வாசகங்களைக் கணீரென்று, ஏற்ற இறக்கத்தோடு வாசித்தாள்.

பிறகு மலை வந்தது. மலைச் சரிவில் பூதங்கள் வந்தன.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவை பூதங்கள் இல்லை, மனிதர்கள். முகத்திலும் உடம்பிலும் கரியைப் பூசி, நெற்றியில் கொம்பு கட்டி, ஆண்களையும் பெண்களையும் நாலு காலில் தவழ விட்டிருந்தார்கள். ஒவ்வொருவர் முதுகிலும் ஆமை ஓடு மாதிரி எதையோ கவிழ்த்துக் கட்டியிருந்தார்கள். ஒரு பெண் கமராவுக்குக் கிட்டத் தவழ்ந்து வந்தபோது அது என்னவென்று தெரிந்தது. கொழுந்துக் கூடை. மண்டபத்தில் சிரிப்பு நின்றது.

அந்த இடத்தில் பதினெட்டாவது வாசகம் வந்தது. கடதாசியில் அவள் கையெழுத்தில் தெளிவாக இருந்தது: "மலையின் கரும்பூதங்கள். இவற்றுக்குப் பேச்சும் இல்லை, ஆன்மாவும் இல்லை. இவற்றைக் கொல்வது பாவமாகாது."

தன் கையாலேயே இதை எழுதியிருக்கிறோமே என்று கஜலட்சுமிக்கு உடம்பு கூசியது. முன்னால் இருநூறு முகங்கள் இருந்தன. திரையில் தவழ்கிறவர்களுடைய பேரப்பிள்ளைகள் யாரும் அங்கே இல்லை என்று எவரால் சொல்ல முடியும்? துஷானி மேடை ஓரத்தில் நின்று, ஏன் வாசிக்கவில்லை என்பதுபோல் பார்த்தாள். படம் முடிந்ததும் இதைப் பற்றிச் சனங்களோடு பேசலாம் என்பது அவளுடைய திட்டம். கஜலட்சுமி வாயைத் திறந்தாள்.

"இவர்கள் மலையின் காவல்காரர்கள். யாருக்கும் பணியாதவர்கள். இவர்களைக் கொன்றவனுக்குப் பாவம் சேரும்."

மண்டபத்தில் பெருமூச்சு எழுந்தது. பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். அவ்வளவுதான், ஒன்றை மாற்றியவள் மிச்சம் எட்டையும் மாற்றினாள். மாற்றுவது இத்தனை சுலபமா என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. கடதாசியில் "அருவருப்பான கூட்டம்" என்று இருந்ததை "அஞ்சாத கூட்டம்" என்றாள். காவல்காரர்கள் பாறையை உருட்டிவிட்டபோது சனங்கள் கைதட்டினார்கள்.

ஆனால் படம் அவள் பேச்சைக் கேட்கவில்லை. இளவரசன் மந்திர வாளை எடுத்து, தவழ்ந்தவர்களை வரிசையாக வெட்டினான். கூடைகள் சரிவில் உருண்டன. பாவம் சேர்ந்தவனுக்கு என்ன நடக்கும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவனுக்கு முடிசூட்டினார்கள். மாலை போட்டார்கள். படம் முடிந்தது.

விளக்குப் போட்டதும் ஒருவரும் எழும்பவில்லை. சின்னப் பிள்ளை ஒன்று அழுதது. துஷானி ஒலிவாங்கியை வாங்க வருவதற்குள் வேலாயி எழுந்து நின்றாள்.

"பாவம்னு சொன்னீங்க. அப்பறம் எதுக்கு மால போட்டாங்க?"

கஜலட்சுமி கடதாசியை மடிக்கப் போனாள்.

"கையில இருக்குற கடதாசிய வாசிங்க மிஸ்."

அவள் துஷானியைப் பார்த்தாள். பதினெட்டாவது வாசகத்தைக் கஜலட்சுமி உள்ளபடி வாசித்தாள். பேச்சும் இல்லை, ஆன்மாவும் இல்லை, கொல்வது பாவமாகாது. மண்டபத்தில் எவர் முகத்திலும் ஈயாடவில்லை. ஒரு வயதானவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வேலாயி அழவில்லை, ஏசவுமில்லை. "இப்பதான் படம் வெளங்குது" என்றாள். கஜலட்சுமி கீழே இறங்கி வந்து, உங்களுக்கெல்லாம் மனசு நோகும் என்றுதான் அப்படிச் செய்தேன் என்று சொல்லிப் பார்த்தாள். வேலாயி அவளை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை முழுவதும் கஜலட்சுமிக்குச் சோறு இறங்கவில்லை. படத்தில் கண்டது திரும்பத் திரும்பக் கண்முன்னே வந்தது. தான் செய்ததை நினைத்தால் அதைவிட மோசமாக இருந்தது. அது நீதிமன்றம் இல்லையே, ஒரு படம்தானே என்று மோகனராஜ் தேற்றினார். அவளும் அதையே தனக்குத்தானே பத்துத் தடவை சொல்லிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை கணேஸின் வழக்கைக் கூப்பிட்டார்கள். வேலாயி சாட்சிக் கூண்டில் ஏறினாள். சத்தியம் செய்யச் சொல்லும்படி நீதவான் சிங்களத்தில் சொன்னார், கஜலட்சுமி தமிழில் சொன்னாள். வேலாயி சத்தியம் செய்யவில்லை. கும்பிட்ட கையை இறக்காமலே நீதவானிடம் பேசினாள்.

"ஐயா, இந்த மிஸ் நல்லவங்க. எங்க மனசு நோகக்கூடாதுன்னு பாக்குறவங்க. அதுக்காகச் சொல்ல மாத்திருவாங்க. என் புள்ளைக்கு நல்லவங்க வேணாம், சொன்னதச் சொல்ற வேற ஆளு வேணும்."

குற்றவாளிக் கூண்டில் நின்ற கணேஸ் தாயைப் பார்த்தான். சட்டத்தரணிகளில் தமிழ் தெரிந்த இருவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள். தமிழ் தெரியாத நீதவான், சாட்சி என்ன சொல்கிறார் என்று வழக்கம்போல் கஜலட்சுமியிடம்தான் கேட்டார்.

சாட்சி வேறு மொழிபெயர்ப்பாளரைக் கேட்கிறார் என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். அதுவும் பொய்யாகாது. அந்த வரி அவள் நாக்கு நுனிவரை வந்தது. வேலாயி அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கஜலட்சுமி நிமிர்ந்து நின்று, தான் நல்லவள் என்பதையும், சொல்லை மாற்றிவிடுவாள் என்பதையும், அந்தப் பிள்ளைக்கு நல்லவர்கள் வேண்டாம், சொன்னதைச் சொல்கிற வேறு ஆள்தான் வேண்டும் என்பதையும் ஒரு சொல் விடாமல் சிங்களத்தில் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, வழக்குக் கோப்பை மேசையில் வைத்து, தன் இடத்தை விட்டு இறங்கினாள்.