கழற்றி வைத்த பூட்ஸ்

ஞானதாசின் வலது பாதத்தில் பாதி இல்லாமல் போனதற்கு நான்தான் காரணம். அது அவனுக்குத் தெரியாது. அவன் மனைவி லில்லிக்கும் தெரியாது. முதலில் உங்களிடம்தான் சொல்கிறேன்.

நான் கருங்கல் பக்கத்தில் வீடு கட்டிக்கொடுக்கும் சிறிய காண்ட்ராக்டர். பள்ளிப்படிப்பு பாதியில் நின்றது; மற்றதெல்லாம் மனிதர்கள் பேசக் கேட்டுப் படித்ததுதான். ஞானதாசும் நானும் ஒரே வயது, ஒரே சாரத்தில் ஏறி வேலை பழகியவர்கள். நான் வாயால் பிழைக்கப் போனேன். அவன் கரண்டியோடு நின்றுகொண்டான். இன்று என் தலைமைக் கொத்தனார் அவன்தான்.

புதிய தொழிலாளர் சட்டங்கள் வந்தபோது காண்ட்ராக்டர்கள் நாங்கள் எல்லோரும் கூடிக் கூடிப் புலம்பினோம். வேலைக்கு வருகிறவனுக்கு நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஆண்டுதோறும் நம் செலவில் உடல் பரிசோதனை. வேலைத்தளத்தில் பூட்ஸ், தலைக்கவசம். நாகர்கோவிலில் என் கணக்கைப் பார்க்கும் ஆடிட்டர் சிரித்தார். "அண்ணாச்சி, நீங்க திட்டுனா சட்டம் வந்த வழியே திரும்பிப் போகுமா? செஞ்சிட்டு, ஒரு படமும் எடுத்து வையுங்க."

செய்தேன். நியமனக் கடிதத்தை நீட்டியபோது ஞானதாஸ் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் சிரிக்கவைத்தான். "இத்தனை வருசமா ஒனக்க கூட நிக்கேன். இப்பம்தான் எனக்கு வேலை கெடச்சிருக்கு, பாத்தியா மக்கா?"

பூட்ஸ்தான் அவனுக்கு ஆகவில்லை. கான்கிரீட் போடும்போது வெறுங்காலால் மிதித்தே கலவையின் பதத்தைச் சொல்லிவிடுவான். "காலுக்கும் கலவைக்கும் நடுவுல எதுக்குலே ஒரு தரகன்?" என்பான். இந்தப் பேச்சை நான் போகிற இடமெல்லாம் சொல்லி ரசித்திருக்கிறேன். இன்று அதைச் சொல்ல நாக்கு எழவில்லை.

கருங்கலில் ஒரு டாக்டரிடம்தான் எல்லோருக்கும் பரிசோதனை. முடிவு வந்ததும் டாக்டர் என்னைத் தனியே அழைத்தார். செலவு செய்கிறவன் நான் அல்லவா? ஆகவே சேதி முதலில் என்னிடம்தான் வந்தது.

"உங்க கொத்தனாருக்கு சுகர் ரொம்பக் கூடுதல். வலது கால் விரலுக்கு அடியில வெடிப்பு இருக்கு, உள்ளே பழுத்திருக்கு. ஊசியால குத்திப் பார்த்தேன், அவருக்குத் தெரியவே இல்லை. காலில் உணர்ச்சி போயிட்டுது. உடனே அனுப்புங்க, மருந்து தொடங்கணும். ஆறுற வரைக்கும் சிமெண்டுல கால் வைக்கக் கூடாது."

கலவையின் பதம் சொல்லும் கால்... அதற்கு ஊசி குத்துவது தெரியவில்லை. நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன்.

மறுநாள் ஒரு வீட்டின் மேல்தளக் கான்கிரீட். வீட்டுக்காரர் வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்தவர். கான்கிரீட்டைக் கண்ணால் பார்த்துவிட்டு விமானம் ஏறக் காத்திருந்தார். ஞானதாஸ் நின்றால்தான் தளம் ஒழுகாது என்று அவரிடம் பெருமையடித்ததும் நான்தான். இன்னொருவரை நிறுத்துவதா? நாளைத் தள்ளிவைப்பதா? எந்த வாயால் சொல்வேன்?

வெளியே ஞானதாஸ் டீ குடித்துக்கொண்டு நின்றான். "டாக்டரு என்ன சொன்னாரு? இன்னும் கொஞ்ச நாளு கெடப்பனா?"

"சுகர் கொஞ்சம் உண்டு. வயசுக்கு உள்ளதுதான்" என்றேன். "கான்கிரீட் முடியட்டு, அடுத்த வாரம் ஒருக்க போய்ப் பாப்போம்."

முழுப் பொய் என்றால்கூட ஒருநாள் உளறியிருப்பேனோ என்னவோ. இது பாதி உண்மை. அதனால்தான் இத்தனை நாள் நின்றுவிட்டது.

மறுநாள் காலையில் வீட்டுக்காரரின் அம்மா ஜெபம் செய்து, முதல் சட்டிக் கலவையைத் தொட்டுக் கொடுத்தார். ஞானதாசுக்குப் புதுத் துவர்த்துத் துண்டு கொடுத்தார்கள். அதைத் தலையில் கட்டிக்கொண்டான். ஆடிட்டர் சொன்னபடி எல்லோரையும் பூட்சும் தலைக்கவசமும் போடவைத்துப் படம் எடுத்தேன். படம் எடுத்ததும் ஞானதாஸ் பூட்ஸைக் கழற்றி ஏணிக்கடியில் வைத்தான்.

"பூட்ஸைப் போடு மக்கா" என்றேன்.

"படம் எடுத்தாச்சுல்லா. பொறவு என்ன?"

ஏன் போட வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போட்டிருப்பான். பிடிவாதக்காரன்தான், ஆனால் பைத்தியக்காரன் அல்ல. சொன்னால், நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பானே! நான் அவன் ஏணியில் ஏறுவதைப் பார்த்தபடி நின்றேன். மாலைவரை ஈரச் சிமெண்டில் நின்றான். தளம் அருமையாக வந்தது. எல்லோரும் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வயிறாரச் சாப்பிட்டோம்.

நான் சொன்ன அடுத்த வாரம் வருவதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது. கால் கறுத்து வீங்கியது. நாகர்கோவிலில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பாதத்தின் முன்பாதியை எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் லில்லி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, நீங்க டெஸ்ட் எடுக்கக் கொண்டு போனதுனாலதானே இவங்களுக்கு சுகர் உண்டுண்ணாவது தெரிஞ்சுது. இல்லேண்ணா காலு முழுசும் போயிருக்கும்" என்று அழுதாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

இதுதான் என்னை அரிக்கிறது... சட்டம் வராதிருந்தால் அவன் காலைப் பற்றி எனக்குத் தெரிந்திருக்காது. தெரியாமல் நடந்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஓர் இடம் இருந்திருக்கும். சட்டம் அவன் காலைக் காப்பாற்றும் சேதியைக் கொண்டுவந்து என் கையில் தந்தது. நான் அதை மடக்கிப் பையில் வைத்துக்கொண்டேன். என்னிடம் எல்லாக் கோப்பும் சரியாக இருக்கிறது. பூட்ஸ் போட்ட படம் உட்பட.

ஞானதாஸ் இப்போது வேலைத்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை வாங்குகிறான். வெறுங்காலோடு யாராவது ஏறினால் "ஏலே, எனக்க காலைப் பாத்துட்டு ஏறு" என்று கத்துகிறான். யாராவது வந்தால் என்னைக் காட்டி, "இவனுக்க புண்ணியத்துல மிச்சம் கெடக்க காலு" என்கிறான். அப்போது நான் கம்பி எண்ணுவதுபோல் குனிந்துகொள்கிறேன்.

இந்த ஆண்டும் பரிசோதனை வந்தது. எல்லோரையும் வேனில் ஏற்றித் தக்கலைக்குக் கொண்டுபோனேன்.

"கருங்கல் டாக்டரு நல்ல மனுசன்லா? பக்கத்துல வச்சிட்டு எதுக்குலே இம்பிட்டுத் தூரம்?" என்று ஞானதாஸ் கேட்டான்.

"இங்க வண்டி நிறுத்த இடம் உண்டு" என்றேன்.

நம்பிவிட்டான். இறங்கும்போது தடுமாறினான். என் தோளைத்தான் பிடித்துக்கொண்டான்.