ஞாயிறு என்று பெயர், பிறந்தது?

ஷ்வேடகோன் பகோடாவில் ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு மூலை, தண்ணீர் ஊற்றிக் கும்பிட ஒரு சிலை. ஞாயிறுக்குக் கருடன். என் இத்தாலிய நண்பன் தொமேனிகோ அதன் முன்னால் கோப்பையும் கையுமாக நிற்கிறான். ஞாயிறன்று பிறந்த பையன்களுக்கு வைக்கும் பெயராம் அவனுடையது. ஒரு புனிதர், சில இசைமேதைகள், அவன் தெருவிலேயே நான்கு ரொட்டிக்காரர்கள் என்று படியேறும்போதே அளந்துவிட்டான்.

பூ விற்கும் செல்வி, யாங்கோன் தமிழ்ப்பெண், குறுக்கே கை நீட்டுகிறாள்.

"பொறந்த கெழமைக்குத்தான் தண்ணி ஊத்தணும். பேரை நம்பாதீங்க அண்ணே, போன்ல பாருங்க."

பார்க்கிறோம். புதன்கிழமை!

செல்விக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இத்தன வருஷமா யானைக்குக் கருடன் பேரு! புதனுக்கு ரெண்டு யானை. பொறந்தது காலையிலயா, மத்தியானமா? காலைன்னா தந்தம் வச்ச யானை, மத்தியானம்னா தந்தமில்லாதது."

தொமேனிகோ போன் போட்டு, தூங்கும் அம்மாவை எழுப்புகிறான். மதியம் சாப்பிட்டுவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கே போனாளாம். பெயர் தாத்தாவுடையதாம்.

தந்தமில்லாத யானையைத் தேடி, கொதிக்கும் பளிங்கில் வெறுங்காலோடு துள்ளித் துள்ளி ஓடுகிறோம். பாதியில் தொமேனிகோ திரும்பி ஓடுகிறான். கருடன் தலையில் ஒரு கோப்பை ஊற்றுகிறான்.

"இது தாத்தாவுக்கு," என்கிறான். "அவர் நிஜ ஞாயிறு."