மணலில் கிடந்த அடையாள அட்டை

அலுவலகத்தில் ஒருவர் சொன்ன சொந்த விபரத்தை அவருடைய எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் வெளியாருக்குச் சொல்லக் கூடாது. சொல்ல நேர்ந்தால் கோப்பில் உள்ளபடியே சொல்ல வேண்டும். எதையும் கூட்டக் கூடாது, குறைக்கவும் கூடாது. எங்கள் அலுவலகத்தில் இந்த விதியைப் படிப்பித்தவன் நான். புதிதாக வரும் எழுதுவினைஞர்களை முதல் நாளே இருத்தி இரண்டு தரம் வாசிக்க வைப்பேன். என்னை வாசிக்க வைக்க ஆள் இருக்கவில்லை.

வாவிக்கும் கடலுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் எழுவான்கரையில், ஒரு பிரதேச செயலகத்தில் நான் திட்டமிடலுக்குப் பொறுப்பாக இருந்தேன். சுனாமி அலை வந்து நாலாம் மாதம் எங்களுக்குப் பயிற்சி வந்தது. கூரைத் தகடு அதற்குப் பிறகுதான் வந்தது. வீடு கட்டித் தர முன்வரும் வெளிநாட்டவர்களுக்கு எங்கள் தேவைகளை எப்படி எடுத்துச் சொல்வது என்பது பயிற்சியின் தலைப்பு. கொழும்பிலிருந்து வந்த பயிற்றுநர் நன்றாக மழித்த முகமும் நல்ல சப்பாத்தும் உள்ள இளைஞர். நான் தயாரித்து வைத்திருந்ததைப் பார்த்தார்.

"சேர், இதுல எத்தனை அட்டவணை இருக்கு?"

"பதினொன்று."

"அப்ப பதினொரு தரம் நித்திரை கொள்ளுவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அலைக்குப் பிறகு அந்த மண்டபத்தில் கேட்ட முதல் சிரிப்பு அது, என் செலவில்.

"ஒரே ஒரு ஆளைக் காட்டுங்க, சேர். அந்த ஆளோட ஒரு பொருளையும் காட்டுங்க. பிறகு கொஞ்ச நேரம் பேசாம நில்லுங்க."

"எவ்வளவு நேரம்?"

"மனசுக்குள்ள மூண்டு எண்ணுற வரைக்கும்."

அதையும் நான் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். நடைமுறை என்று யார் எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்வது என் வழக்கம்.

ஒரு ஆளைத் தேட வேண்டியிருக்கவில்லை. வாவியில் பிடிபடும் இறாலைக் கூடையில் கொண்டுபோய் விற்கும் ஒரு பெண், வீடு போனவர்களின் பட்டியலில் பெயர் பதிய ஏற்கெனவே என்னிடம் வந்திருந்தார். கணவர் முன்பே இறந்துவிட்டார். இருந்தது பதினாறு வயது மகள் ஒருத்தி. அலை வந்த காலையில் இருவருக்கும் வாய்ச்சண்டை. மகள் பையை எடுத்துக்கொண்டு துறைக்குப் போயிருக்கிறாள்.

"முதல் தோணியிலேயே ஏறிற்றாவாம், சேர். தோணிக்காரர் கண்டிருக்கார். படுவான்கரையில மாமி வீடு இரிக்கி. கடல் வாறதுக்கு முன்னமே அவ அக்கரைக்குப் போயிற்றா. செத்ததெண்டு மட்டும் எழுதிராதிங்க."

மகள் மாமி வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை என்பதை அவர் சொல்லவில்லை; நான் கேட்கவுமில்லை. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை அப்போது அரசோடு போரிட்ட இயக்கத்தின் கையில் இருந்தது. பதினாறு வயதுப் பிள்ளை அங்கே போய் மாமி வீட்டுக்குப் போகாவிட்டால் இயக்கத்தில்தான் சேர்ந்திருக்கும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். வேறு காலமாயிருந்தால் அதை நினைத்து ஒரு தாய் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருப்பாள். அந்த ஆண்டு அது ஒரு நம்பிக்கையாக இருந்தது. முப்பத்தோராம் நாள் ஊர் முழுவதும் இறந்தவர்களுக்கு அமுது படைத்தது. அவர் படைக்கவில்லை. நான் 'காணாமற்போனவர்' என்று எழுதினேன். அதுவரை எல்லாம் விதிப்படியே நடந்தது.

நகரத்தில் ஒரு மண்டபத்தில், உதவ வந்த வெளிநாட்டவர்கள் முன் நான் பேசினேன். அட்டவணைகளைத் தூக்கிவிட்டு, திரையில் அந்தப் பெண்ணின் படத்தைப் போட்டேன். கதையைச் சொல்லிக்கொண்டு போகும்போது பொருள் ஒன்று தேவைப்பட்டது. வேறு யாராவது ஒரு பொம்மையையோ வளையலையோ நினைத்திருப்பார்கள். நான் உத்தியோகத்தன், என் கற்பனைக்கும் ஓர் ஆவணம்தான் வந்தது. அலை வடிந்த பிறகு மணலில் மகளின் அடையாள அட்டை கிடந்ததாகச் சொன்னேன். புதிதாக எடுத்த அட்டை. பெயர் இருந்தது, முகத்தை உப்பு தின்றுவிட்டது. தாய் அதைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருக்கிறாள்.

சொல்லிவிட்டுப் பேசாமல் நின்றேன். மூன்று எண்ணினேன். முன்வரிசையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கண்ணாடியைக் கழற்றினார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: முப்பது வருட உத்தியோகத்தில் என் பேச்சை ஒரு சபை அப்படிக் கேட்டதில்லை. நாங்கள் கேட்டதைவிட அதிக வீடுகள் கிடைத்தன.

அடுத்த வருடம் வீடுகள் எழும்பின. அந்தப் பெண்ணின் வீட்டை முதலில் திறந்தார்கள். விருந்தினராக வந்தவர் கண்ணாடி கழற்றிய அதே பெண்தான். அவர் என் கதையை என்னைவிட நன்றாகச் சொன்னார். மொழிபெயர்த்தவர் ஒரு சொல் விடாமல் தமிழில் தந்தார். பிறகு வாசல் சுவரில் பதித்திருந்த கல்லின் திரையை விலக்கினார்கள். மகளின் பெயருக்குக் கீழே 'நினைவாக' என்று பொறித்திருந்தது.

வந்தவர்கள் குளிர்பானம் குடிக்கப் போனதும் அந்தப் பெண் என்னிடம் வந்தார். அழவில்லை. கையை மட்டும் நீட்டினார்.

"ஐடென்டிக்காட்டத் தாங்க, சேர்."

எந்த அட்டை என்று கேட்டேன்.

"மணலுக்க கிடந்ததாமே, நான் சேலையில முடிஞ்சி வெச்சிரிக்கிறனாமே. எனக்கிட்ட தரல்லயே ஒருத்தரும். துறையில ஆமிக்காரன் காட் இல்லாம ஒரு குஞ்சையும் ஏத்த மாட்டான். காட் இஞ்சால கிடந்ததெண்டா அவ தோணி ஏறல்லத்தானே, சேர்?"

சோதனைச்சாவடியை நான் மறந்துவிட்டிருந்தேன். ஒவ்வொரு நாளும் பார்த்த சோதனைச்சாவடி. கதையில் அதற்கு வேலை இருக்கவில்லை.

"அப்படி ஒரு அட்டை கிடைக்கவில்லை," என்றேன்.

"அப்ப அந்தக் கதை?"

"நான் சேர்த்துச் சொன்னது."

"பொய்யா?"

"ஓம்."

அவர் சிரித்தார். வாய்விட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். குளிர்பானம் குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "எண்ட கடவுளே, பொய்யாம்! படிச்ச மனிசன் பொய் சொல்லியிரிக்கார்!" பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "நல்லாயிரிப்பிங்க, சேர். அப்ப காட் அவட கையிலதான் இரிக்கி," என்றார். அந்தச் சிரிப்பை இன்றும் நான் கேட்கிறேன். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

"மறுகா ஒண்டு செய்யுங்க. இந்தக் கல்ல எடுத்துருங்க. உயிரோட இரிக்கிற புள்ளட பேர் கல்லுல இரிக்கப்படா."

கல்லை எடுக்க ஓர் உளியும் அரை மணித்தியாலமும் போதும். ஆனால் நன்கொடையாகக் கிடைத்த கட்டடத்தில் எதையும் மாற்றுவதற்கு அமைச்சின் எழுத்துமூல அனுமதி வேண்டும் என்று இன்னொரு விதி இருக்கிறது. அதை மீற எனக்கு மனம் வரவில்லை. 'தவறான தகவல் காரணமாக' என்று தொடங்கி ஒரு கடிதம் எழுதினேன். யாருடைய தவறு என்பது அதில் இல்லை. அமைச்சு ஒரே ஒரு கேள்வி கேட்டது: ஆரம்பத் தகவல் எந்த ஆவணத்தின் அடிப்படையில் வழங்கப்பட்டது? அதற்கு நான் பதில் எழுதவில்லை. நினைவூட்டற் கடிதங்கள் மட்டும் ஒழுங்காக அனுப்பினேன். பதில் சொல்லாதவன் நான்தான். ஆனால் கோப்பைப் பார்த்தால் அமைச்சுத்தான் தாமதம் என்று தோன்றும். அப்படித் தோன்றவைக்க எனக்குத் தெரியும்.

அந்தப் பெண் கல்லின் மேல் ஒரு பழைய சேலைத் துண்டைக் கட்டிவிட்டு, வீட்டின் பின்னால் கொட்டில் போட்டு அதிலேயே இருந்தார். அந்த வாசலுக்குள் அவர் நுழையவேயில்லை. வெள்ளிக்கிழமை தோறும் இறால் விற்றுவிட்டு அலுவலகத்துக்கு வருவார்.

"கடிதம் வந்திரிச்சா, சேர்?"

"இல்லை."

"ஆருக்கும் ஒரு பொய்யச் சொல்லியாவது எடுக்கேலாதா? உங்களுக்குத்தான் நல்லா வருமே."

இரண்டாயிரத்து ஏழில் படுவான்கரையில் சண்டை வந்து சனம் எங்கள் பக்கம் ஓடிவந்தது. அவர் முகாம் முகாமாகப் போய் ஒவ்வொரு பெண்பிள்ளையின் முகத்தையும் பார்த்தார். கிரான் பக்கத்தில் யாரோ சொன்னார்களாம், இயக்கத்தில் இருந்த பிள்ளைகள் சிலரை முன்பே வடக்கே வன்னிக்குக் கூட்டிப் போய்விட்டார்கள் என்று. அடுத்த வெள்ளிக்கிழமை அதை ஒரு நல்ல செய்தியைப் போல என்னிடம் சொன்னார். நானும் நல்ல செய்தி என்றே தலையாட்டினேன். அதற்குப் பிறகு வானொலியில் வன்னி என்ற சொல் வரும்போதெல்லாம் அந்த நீட்டிய கை எனக்கு முன்னால் வரும்.

இரண்டாயிரத்து ஒன்பது தை மாதம், நான் ஓய்வு பெற ஆறு மாதம் இருக்கையில், அமைச்சின் கேள்விக்குப் பதில் எழுதினேன். 'ஆவணம் எதுவும் இல்லை. அடையாள அட்டை எனது கற்பனை.' இரண்டே வாக்கியம். என் உத்தியோகத்தில் நான் எழுதிய கடிதங்களில் அதுதான் மிகச் சிறியது.

அனுமதிக் கடிதம் வந்த காலையில் வன்னியில் போர் முடிந்துவிட்டது, இயக்கத்தில் யாரும் மிஞ்சவில்லை என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. வீதியில் வெடி கொளுத்தினார்கள். நான் ஒரு மேசனை உளியோடு கூட்டிக்கொண்டு போனேன். அவர் கொட்டிலுக்கு வெளியே இறால் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தார். பக்கத்து வீட்டு வானொலி அங்கேயும் கேட்டது.

கடிதத்தைக் காட்டினேன். "கல்லை எடுக்கலாம்," என்றேன்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பழக்கதோஷத்தில் நான் உள்ளே எண்ணத் தொடங்கிவிட்டேன். மூன்றைத் தாண்டி எங்கோ போய் எண்ணிக்கை தவறிப்போனது.

"கொத்த வேணாம், சேர்," என்றார். "துணியும் இரிக்கட்டும்."

பிறகு, "இது எண்டைக்கு வந்த?" என்று கேட்டார்.

கடிதத்தின் மூலையில் எங்கள் அலுவலகம் குத்திய முத்திரையை விரலால் காட்டினேன். கிடைத்த திகதி: 2009 மே 19.